ஸ்டேஷனிலிருந்து ஒரு வாத்தியம்

கூர்னாவாரா,
6 அக்டோபர் 1957

அன்புள்ள அவுனே அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று நீ பால் லாரியில் ஏறும்போது வாக்குக் கொடுத்தேன். அதன்படி இது முதல் கடிதம்.

இங்கே எல்லாரும் நலம். ஈரக்காற்று அடித்தால் மட்டும் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பசு கிர்யோ நலம். அப்பாவும் நலம் என்றே நினைக்கிறேன்; கேட்டால் அவர் சொல்லமாட்டார் என்பது உனக்குத் தெரியும். கம்பளிக் காலுறை போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போடுகிறேன் என்று நீ எழுதினாலும் நம்பப்போவதில்லையாம்.

பள்ளியில் ஹெய்க்குரா மிஸ் புதிதாக வந்திருக்கிறார். சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லித்தருகிறார். புத்தகத்துக்கு நாம் சொல்கிற 'கிர்யா' மிகப் பழைய வேராம். முதலில் அதற்குப் புள்ளி, கோலம், கீறல் என்று பொருள். அதிலிருந்துதான் கடிதம், எழுத்து, நூலகம், எழுத்தாளர் எல்லாம் ஒவ்வொரு வாலாக ஒட்டிக்கொண்டு வந்தன. புள்ளி போட்ட மாட்டுக்குக் கிர்யோ என்று பெயர் வைப்பதும் அதே வேரில்தான். இரவுச் சாப்பாட்டின்போது, நம் பசுவும் நூலகமும் அக்கா தங்கை என்று அறிவித்தேன்.

அப்பா சொன்னார்: "அப்ப நாளைக்கு நூலகத்துல போய்ப் பால் கறந்துட்டு வா."

உன் பெயரை அவர் இன்னும் சொல்வதில்லை. 'கிளம்பினவ' என்கிறார். 'கிளம்பினவளோட கட்டில்', 'கிளம்பினவ வச்சுட்டுப் போன பக்கெட்'. வினைச்சொல்லிலிருந்து ஆளைக் குறிக்கும் பெயர். இலக்கணப்படி சரிதான் என்று நான் சொன்னது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. பால் பண்ணையில் பேசிவைத்த வேலையை நீ வேண்டாம் என்றது அவருக்கு இன்னும் ஆறவில்லை. நீ போன அன்று வழியனுப்ப வராமல் சவுனாக் குளியலறை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாரே, அன்று யாருமே குளிக்கவில்லை அக்கா.

ஊர் மன்றத்துக்குக் கால்மிதி ஹார்மோனியம் வாங்கப்போகிறார்கள். அப்பாதான் குழுவின் தலைவர். மணி ஒன்பதாகிறது. விளக்கை அணை, மின்சாரம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று அவர் புலம்பிக்கொண்டு வருகிற சத்தம் கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை சைமி


தாம்பெரே,
15 அக்டோபர்

என் சைமிக் குட்டிக்கு,

நலம். காலுறை போடுகிறேன், இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்று. அம்மா நம்பாவிட்டால் கெர்த்து சாட்சி சொல்வாள். கெர்த்து என் அறைத்தோழி. ஆலையில் என் தறிக்கு அடுத்த தறி அவளுடையது. தூக்கத்திலும் நூல் அறுந்துவிட்டது என்று கத்துவாள்.

பொட்டலத்தில் இருக்கும் காப்பி அம்மாவுக்கு. ரிப்பன் உனக்கு. கையுறை யாருக்கும் என்று இல்லை. வீட்டில் யாருக்காவது பெரிய கை இருந்தால் போட்டுக்கொள்ளட்டும்.

குதிரை லாடம் மாற்றியாயிற்றா? கிணற்றுப் பக்கம் வேலி சரிசெய்தாயிற்றா? யார் செய்தார்கள்? தோள்வலியோடு செய்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

எப்போது வருவாய் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்கப்போகிறாய். சொல்லிவிடுகிறேன். அப்பா கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் நானே போய் வாசலில் நின்றால், "என்ன, பட்டணம் கசந்துடுச்சா" என்று கேட்பார். கசக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை, கம்பளிப் பஞ்சு மூக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான். இதை அவரிடம் சொல்லாதே.

எல்லாருடைய உடம்பையும் கேட்டதாகச் சொல். எல்லாருடையதையும்.
அவுனே


கூர்னாவாரா,
27 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதமும் பொட்டலமும் கிடைத்தன. லாடம், வேலி இரண்டையும் அப்பாதான் செய்தார், தோள்வலியோடுதான். நீ சொல்லாதே என்றதை நான் சொல்லவில்லை. ஆனால் கடிதம் மேசைமேல் இருந்தது. அவர் அந்தப் பக்கமாகப் போனார், ரொம்ப நேரம் போனார்.

கையுறையை முதலில் பெஞ்சில் வைத்தார். பிறகு ஒரு கையில் போட்டுப் பார்த்தார். "அளவு சரியா இருக்கு" என்றார். "எப்படித் தெரிஞ்சுதாம்?" என்று அம்மா கேட்டாள். "கை எல்லாருக்கும் கைதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், சாப்பிட வரும்போதும் கழற்றவில்லை.

இந்த வாரம் கருவிப்பெயர் பாடம். வினையின் அடியோடு 'இன்' சேர்த்தால் அந்த வேலையைச் செய்கிற பொருள் கிடைத்துவிடுகிறது. உட்காருவதிலிருந்து இருக்கை, இஸ்துயின். வேகவைப்பதிலிருந்து கொதிகலன், கெய்த்தின். அணைப்பதிலிருந்து தீயணைப்பான், சம்முத்தின். இசைப்பதிலிருந்து வாத்தியம், சொய்த்தின். வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளாகத் தொட்டு அதன் வினையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாயை மூடுறதுல இருந்து ஒரு கருவி பண்ண முடியுமான்னு உங்க மிஸ்ஸைக் கேளு" என்றார். கேட்டேன். பண்ணலாமாம்.

ஹார்மோனியம் எந்த நேரமும் வரலாம். தேவாலயத்தில் பாட்டு நடத்தும் துர்பேய்னன் இப்போதே மேசையில் விரலை ஓட்டிப் பழகுகிறார்.

அனைவரும் நலம். இப்படிக்கு,
சைமி


கூர்னாவாரா,
6 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே நலம், ஆனால் ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமை புனிதர் திருநாள். கடை மூடியிருந்தது. ஊருக்கு இருக்கிற ஒரே தொலைபேசி அந்தக் கடையில்தானே. கடைக்கார எல்லி உட்பட எல்லாரும் மன்றத்தில் பாட்டுப் பயிற்சியில் இருந்தோம். மத்தியானம் எல்லி கடைக்குப் பின்னாலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டு, மூச்சு வாங்க ஓடிவந்தாள். ஸ்டேஷனிலிருந்து தந்தி, தொலைபேசியில் வாசித்தார்களாம். இரண்டே சொல்: "சொய்த்தின் அசெமல்தா." வாத்தியம், ஸ்டேஷனிலிருந்து. அனுப்பியவர் பெயர்கூட இல்லை.

"கம்பெனிக்காரங்க கஞ்சப் பிசினாறிங்க" என்றாள் எல்லி. "வந்து எடுத்துக்கோங்கன்னு ஒரு சொல் சேர்த்தா என்னவாம்?"

துர்பேய்னன் உடனே போகலாம் என்று கோட்டை மாட்டினார். அப்பாதான் தடுத்தார். "திருநாள் அன்னைக்கு வண்டி கட்டுறதா? வாத்தியம் எங்க ஓடிப்போகப் போகுது. திங்கட்கிழமை எடுத்துக்கலாம்."

திங்கட்கிழமை பால் லாரியில் அப்பா, துர்பேய்னன், பிடித்துக்கொள்ள நான். ஸ்டேஷன் மாஸ்டர் லெஸ்கினன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வாத்தியம் எதுவும் வரலையே" என்றார்.

"தந்தி வந்துச்சே" என்றார் அப்பா.

"தந்தி போயிருக்கலாம். அன்னைக்கு நான் விடுப்பு, என் மச்சான்தான் இருந்தான். சனிக்கிழமை இங்க வந்து இறங்குனது ஒரு பொண்ணு மட்டும்தானாம். சாயங்கால ரயில் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சாம். அது வாத்தியம் இல்லையே."

அதற்குள் துர்பேய்னன் சரக்குக் கொட்டகைக்குள் போய்விட்டார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, சீட்டு கிழிந்து நின்றது. அவர் காதை வைத்துத் தட்டிப் பார்த்து, "என்னா நாதம்யா" என்றார். லெஸ்கினன் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து நாங்கள் அதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

செவ்வாய் மாலை மன்றம் நிறைந்திருந்தது. பாட்டுக்குழு கறுப்பு உடையில் நின்றது. துதிப்பாட்டு முடிந்ததும் அப்பா கடப்பாரையால் பெட்டியைத் திறந்தார். உள்ளே வார்ப்பிரும்பில் ஒரு கெய்த்தின். மரம் வெட்டுகிறவர்களின் முகாமுக்கு அனுப்பிய கஞ்சிக் கொதிகலன். துர்பேய்னன் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார், கட்டைகள் எங்கே என்று. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முகாம்காரர்கள் இருவர். "எங்க சட்டியை வச்சுக்கிட்டு சாமி கும்பிடுறீங்களா? அங்க ஆளுங்க பட்டினி" என்றார்கள்.

அம்மா இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள். நீயும் சிரித்திருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுது.

சைமி


தாம்பெரே,
24 நவம்பர்

சைமிக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கஞ்சிச் சட்டிக் கதையைக் கெர்த்துவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிலிலிருந்து விழுந்தாள்.

தந்தியை வாசித்தபோது அப்பா சொன்னது நீ எழுதியிருக்கும் அதே சொற்கள்தானா? வாத்தியம் என்றுதான் நினைத்தாரா? முகம் எப்படி இருந்தது? முக்கியமில்லை. எழுத வேண்டும் என்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். ஷிப்ட் இருக்கிறது. அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

அவுனே


கூர்னாவாரா,
28 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுத வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்பா சொன்னது அதே சொற்கள்தான். முகம் சந்தோஷமாக இருந்தது, வாத்தியம் வரப்போகிறதே. கிறிஸ்துமஸ் விஷயத்தை அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவள் வேகமாக அழுதாள்.

கடிதத்தை நேற்று இங்கே நிறுத்தினேன். இனி வருவது இன்று எழுதியது.

இன்று இலக்கண வகுப்பில் இறந்தகாலம். ஹெய்க்குரா மிஸ் 'இசைப்பது' என்ற வினையைப் பலகையில் எழுதினார். "இதே வினைதான் தொலைபேசியில் கூப்பிடுவதற்கும். 'நான் கூப்பிட்டேன்' என்று யார் சொல்வீர்கள்?" என்றார். வழக்கம்போல நான் எழுந்தேன். சொய்த்தின் என்று வாயெடுத்து, சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

வாத்தியமும் சொய்த்தின். கூப்பிட்டேன் என்பதும் சொய்த்தின். ஒரு எழுத்துகூட மாறவில்லை. சொய்த்தின் அசெமல்தா. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டேன்.

அன்று கடை மூடியிருந்தது, தொலைபேசி அடித்தபோது எடுக்க ஆள் இல்லை. ஒரு பெண் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அக்கா, நீ பெயர் போடவில்லை.

கருவிப்பெயர்ப் பாடத்தில் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருக்கிறது.

சாப்பாட்டின்போது சொன்னேன்: "அப்பா, அது வாத்தியம் இல்ல."

"தெரியும். கஞ்சிச் சட்டி."

"சட்டியைச் சொல்லல, தந்தியைச் சொல்றேன். அது பெயர்ச்சொல் இல்ல அப்பா, வினை."

"யாரு செஞ்ச வினை?"

"அக்கா. அக்காதான் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டிருக்கா."

அவர் கையிலிருந்த ரொட்டியில் வெண்ணெய் தடவாமலே தின்றார். அம்மா கரண்டியை வைத்துவிட்டு, "வாத்தியம் எங்க ஓடிப்போகப் போகுதுன்னு சொன்னீங்களே" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா எழுந்து லாயத்துக்குப் போனார். குதிரையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நம்மிடம் ஒரு வாரத்தில் பேசுவதைவிட அதிகமாக இருந்தது. கேட்க முயன்றேன், குதிரை காதை ஆட்டியதில் சரியாகக் கேட்கவில்லை.

உன் தங்கை,
உன்மேல் கோபமாகவும் இருக்கும்
சைமி


ஸ்டேஷன் தபால் பெட்டி,
7 டிசம்பர்
(தபால் அட்டை)

அவுனேவுக்கு,

நலம்.

இஸ்துயின் அசெமல்லா.

அப்பா


தாம்பெரே,
12 டிசம்பர்

சைமிக் குட்டி,

நலமா? அம்மாவின் இடுப்பு எப்படி? அவசரம், உடனே பதில் போடு.

அப்பாவிடமிருந்து ஓர் அட்டை வந்திருக்கிறது. வாழ்க்கையில் அவர் எனக்கு எழுதிய முதல் எழுத்து. அதில் 'இஸ்துயின் அசெமல்லா' என்று இருக்கிறது. 'இருக்கை ஸ்டேஷனில் இருக்கிறது' என்கிறாள் கெர்த்து. உங்கப்பா நாற்காலி ஏதாவது விற்கிறாரா, விலை என்ன என்று கேட்கிறாள். 'ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன்' என்று நான் படித்தேன். பிறகு நானும் இருக்கை என்றே படித்தேன். ஏற்கெனவே ஒரு தடவை இந்த மாதிரிச் சொல்லை நம்பி ஒரு பகல் முழுக்கக் குளிரில் விறைத்தவள் நான். இன்னொரு தடவை தப்பாகப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீதான் இலக்கணக்காரி. இது பெயரா, வினையா? அவரிடமே கேட்டு எழுது. நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே. சரி, சொல்.

அவுனே


கூர்னாவாரா,
16 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். அம்மாவின் இடுப்பு உன் கடிதத்தைப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

கேட்டேன். அவர் கோடரிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். "அப்பா, அக்காவுக்கு எழுதினீங்களே, இஸ்துயின், அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா?"

நிமிர்ந்து பார்க்காமல், "ரெண்டும்" என்றார்.

மிஸ் அப்படிச் சொல்லித்தரவில்லை என்றேன். உங்க மிஸ் ஸ்டேஷனுக்கு வந்து பார்க்கட்டும் என்றார். சனிக்கிழமை நானே அவரோடு பனிச்சறுக்கு வண்டியில் போய்ப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னது உண்மை.

நான் சாப்பாட்டின்போது சொன்ன அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறார். அம்மாவிடம் குதிரைக்கு நடை வேண்டும் என்கிறார். முதல் தடவை போனபோதே அங்கிருந்த பெஞ்சில் ஒரு கால் உடைந்திருந்ததாம். நீ அன்று அதிலா உட்கார்ந்திருந்தாய் என்று லெஸ்கினனின் மச்சானைத் தேடிப்பிடித்துக் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றானாம். அடுத்த சனிக்கிழமை பிர்ச் மரத்தில் புதுப் பெஞ்சு செய்து கொண்டுபோய் வைத்துவிட்டார். லெஸ்கினன் என்னிடம் புலம்பினார்: "சட்டியை எடுத்துட்டுப் போனான், பொறுத்தேன். இப்ப பெஞ்சைக் கொண்டுவந்து போடுறான். நான் இதை எந்தக் கணக்குல எழுதுறது?"

பெஞ்சும் இருக்கிறது, அதில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். ரயில் வந்தால் எழுந்து நிற்கிறார். கதவுகள் எல்லாம் மூடியதும் உட்காருகிறார். உன் கையுறை போட்டிருக்கிறார். நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் கூப்பிட்டால் வருவேன் என்று எழுதியிருந்தாய். இதற்குமேல் கூப்பிட அவருக்குத் தெரியாது அக்கா. இவ்வளவு பேசியதே அதிகம் என்று நேற்று முழுவதும் ஓய்வெடுத்தார்.

சைமி


கூர்னாவாரா,
21 டிசம்பர், சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம். அடுத்த கட்டிலில் நீ தூங்குகிறாய். எழுதி முடித்ததும் உன் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். நடந்ததை எழுதுவேன் என்ற வாக்கு நீ வீட்டில் இருந்தாலும் செல்லும் என்றே நினைக்கிறேன். நலம் விசாரிக்க வேண்டியதில்லை. நீ மூன்று தட்டு கஞ்சி சாப்பிட்டதைப் பார்த்தேன்.

ஸ்டேஷனில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ ஓரமாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாய், எல்லாவற்றையும் கவனித்திருக்கமாட்டாய். ரயில் நின்றதும் அப்பா வழக்கம்போல எழுந்தார். நீ இறங்கினாய். இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு பக்கமும் நின்றீர்கள். யாராவது ஏதாவது சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன்.

"கையுறை அளவு சரி" என்றார் அப்பா.

நீ பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஆடுது" என்றாய்.

"தரை கோணல்."

பட்டணம் கசந்துவிட்டதா என்று அவர் கேட்கவில்லை. உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். அதே தோளில், வலிக்கிற தோளில்.

அப்போதுதான் சரக்குப் பெட்டியிலிருந்து அதை இறக்கினார்கள். லெஸ்கினன் அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "கெம்ப்பைனன், இந்தத் தடவை நெசமாவே வாத்தியம். சீட்டு ஒட்டியிருக்கு. கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போ." எப்படியோ மூக்கில் வேர்த்து எங்களோடு தொற்றிக்கொண்டு வந்திருந்த துர்பேய்னன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வண்டியில் ஹார்மோனியத்துக்கு இடம் இருந்தால் உனக்கு இல்லை, உனக்கு இருந்தால் ஹார்மோனியத்துக்கு இல்லை.

அப்பா யோசிக்கக்கூட இல்லை. கம்பளியை உன்மேல் போர்த்திவிட்டு, "வாத்தியம் எங்க ஓடிப்போகப் போகுது. திங்கட்கிழமை எடுத்துக்கலாம்" என்றார்.

துர்பேய்னன் அதன் பக்கத்திலேயே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைசி ரயிலுக்குள் லெஸ்கினன் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார் என்று நம்புகிறேன்.

வீட்டில் சவுனா சூடாக இருந்தது. இந்தத் தடவை எல்லாரும் குளித்தோம். சாப்பாட்டின்போது அப்பா அம்மாவிடம், "வந்தவளுக்கு இன்னொரு கரண்டி போடு" என்றார். கிளம்பினவள், வந்தவள், விகுதி ஒன்றுதான், வினை மாறிவிட்டது. திங்கட்கிழமை இதை ஹெய்க்குரா மிஸ்ஸிடம்...

அப்பா வாசலில் நிற்கிறார். "சைமி, விளக்கு" என்றார். ஒரு வரி பாக்கி என்றேன். சுவரில் டிக்கென்று சத்தம் கேட்டது.

"சம்முத்தின்" என்றார் அப்பா. அணைத்துவிட்டேன் என்கிறார்.

தூங்குகிறாய் என்று நான் நினைத்திருந்த நீ, போர்வைக்குள்ளிருந்து, "தீயணைப்பானா அப்பா? எங்க?" என்றாய்.

அப்பா சிரித்தார். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தார். இருட்டிலும் எனக்குக் கேட்டது, அதனால் எழுதுகிறேன். வரி கோணலாகப் போயிருந்தால் மன்னித்துக்கொள். விளக்கு அணைக்கப்பட்டுவிட்டது.